குதிரையும் குழந்தையும்



நம் குற்றாலத்து நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. அந்தத் தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தை அடுத்து, முற்காலத்தில் காயல் என்னும் பெரிய துறைமுகம் இருந்தது. ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து தங்கின. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பாண்டிய அரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினாரென்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லையென்றும் எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் மாண்டன? சில ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பாரசீக ஆசிரியர் வசாப் விவரம் தருகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு. அவ்வளவு கொடுத்து வாங்கியதற்கு வறுத்த வாற்கோதுமையும், நெய் சேர்த்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும்! நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்குவதென்பதே இல்லாமல் ஏறிப் பேய்போல் ஓட்டுவார்களாம். சாட்டையின்றியே பாய்ந்த குதிரைகள் சில நாளில் மந்தமாகிவிட்டன.

இதில் பகைமை எங்கேயாவது உண்டா? இல்லை. தங்களுக்கு எது உயர்ந்ததோ அதையே கொடுத்தார்கள். குதிரைக்கு வேண்டியது என்னவென்றுதான் ஒருவரும் பார்க்கவில்லை. நம் வீடுகளிலும் ஐந்து வயதுவரை கேட்டதெல்லாம் கொடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். பள்ளிக்கூடம் போனதும், பழக்காத பிள்ளையின்மேல் ஏறி உட்கார்ந்து, முதல் மார்க் எங்கே என்று விரட்டுகிறோம். “ஐந்தில் வளையாதது” என்ற பழமொழி வேறு கைவசம் இருக்கிறது. வளைப்பதற்கும் ஒடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பிலிப்பு அரசனிடம் விலைக்கு வந்த புசெபாலஸ் என்ற குதிரை, கிட்டே வந்தவர்களையெல்லாம் உதறித் தள்ளியது. முரட்டுப் பிராணி, கொண்டு போங்கள் என்றான் அரசன். சிறுவனாயிருந்த அலெக்சாந்தர் மட்டும் காரணத்தைக் கண்டான். தன் முன்னே ஆடிய தன் நிழலைக் கண்டே அது மிரண்டது. அதைச் சூரியனை நோக்கித் திருப்பி, தடவிக் கொடுத்து, சற்றுத் தூரம் கூடவே நடந்து, பிறகு ஏறினான். புளுத்தார்க் இன்னொன்றும் சொல்கிறார். கட்டாயத்துக்கு இணங்காத தன் மகன் நியாயம் சொன்னால் கேட்பான் என்று கண்ட பிலிப்பு, அவனுக்குக் கட்டளையிடுவதைவிட எடுத்துச் சொல்லவே முயன்றான். குதிரை விஷயத்தில் தவறிய தகப்பன், மகன் விஷயத்தில் தவறவில்லை!

கணக்கு நோட்டைக் கண்டதும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளையிடமும் ஏதோ ஒரு நிழல் இருக்கும். வாய்ப்பாடு தெரியாத வெட்கமாயிருக்கலாம். பக்கத்துப் பையன் செய்யும் கேலியாயிருக்கலாம். அடித்தால் அது தெரியவராது. பள்ளியில் அடிப்பதை 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. வீட்டுக்குள் அதைத் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

“அப்படியானால் கடிவாளமே வேண்டாமா, சுவாமி?” என்பீர்கள். வேண்டும். ஆனால் கடிவாளத்தின் சூட்சுமம் இழுப்பதில் மாத்திரம் இல்லை. குதிரை இணங்கிய அக்கணமே கையைத் தளர்த்துவான் நல்ல சவாரிக்காரன். அந்தத் தளர்ச்சியால்தான் தான் செய்தது சரியென்று அது அறிகிறது. ஓயாமல் இழுத்தால் வாய் மரத்துப்போகும். பிள்ளை தவறை ஒப்புக்கொண்டு திருந்திய பிறகும், சாப்பாட்டு வேளையில் ஒரு தரம், மாமா வந்தபோது ஒரு தரம், கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு தரம் என்று அதையே எடுத்துப் பேசுகிறோமே, அது இந்த ஓயாத இழுப்புதான். தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டி அவர்களை மனந்தளரச் செய்யலாகாதென்று அர்ச். சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியதும் இதுபற்றியே.

சந்தையில் நாலு பேர் பார்க்கப் புரண்டு அழும் குழந்தையை என்ன செய்வது என்று தாய்மார் கேட்பதுண்டு. முதலில் அந்த நாலு பேரை மறந்துவிடுங்கள். குழந்தையைக் கூட்டத்துக்கு வெளியே தூக்கிப் போங்கள். குரலைத் தாழ்த்துங்கள். அழுகை ஓயும்வரை கேட்ட பொருளையும் கொடுக்காமல், கையையும் ஓங்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பத்து நிமிஷம் ஆகலாம், காய்கறி காத்திருக்கும்.