பூங்காப் பணியில் மாணவர்

பூங்கா என்பது பூ, கா என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. பூ என்னும் சொல்லின் முன் வல்லெழுத்து வருமிடத்து அதற்கு இனமான மெல்லெழுத்தும் தோன்றும் என்பது நன்னூல் காட்டும் விதி. ஆதலின் பூங்கா என்கிறோம். கா என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்குச் சோலை என்றும் பொருள். காப்பாற்று என்றும் பொருள். தொண்டுக்குச் செல்லும் மாணவர் முதற்பொருளை அறிந்தே செல்கின்றனர். இரண்டாவது பொருளை அங்குச் சென்ற பின்னரே கற்கின்றனர்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. தொண்டர் ஒருவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்பது அதன் வரையறை. முதல் நாளில் பதாகையும் நிழற்படமும் தேநீரும் உண்டு. மூன்றாம் வாரத்தில் பாதிப்பேர் வாரார். எஞ்சி நிற்போரை நம்பியே பணியைத் திட்டமிடுதல் நன்று.

லாங் பஜாரின் நெரிசலிலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் வேலூர்க் கோட்டையும் அதனைச் சூழ்ந்த பூங்காவும் உள்ளன. 16ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. ஆகவே அனுமதியின்றி அங்கே கடப்பாரை ஊன்றலாகாது. மரம் நடும் ஆவலோடு வரும் மாணவர்க்குப் பெரும்பாலும் வாய்ப்பது குப்பை பொறுக்கும் வேலையே. சிலர் முகம் சுளிக்கின்றனர். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் தருமமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, நாம் சுளிப்பதற்கு என்ன இருக்கிறது? நாள்தோறும் அவ்வேலையைச் செய்யும் தூய்மைப் பணியாளரை அண்ணா என்றும் அம்மா என்றும் அழைத்து, எங்கே தொடங்குவது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். எந்த மூலையில் கண்ணாடிச் சில்லு கிடக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

களைகளில் கொடியது பார்த்தீனியம். தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தரவல்லது. கையுறை அணிந்து, பூக்கும் முன்னரே, மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்கினால் நாமே விதையைப் பரப்பியவர் ஆவோம். ஆஸ்துமா உடையோர் இவ்வேலைக்குச் செல்லலாகாது.

சருகுக் குவியலில் வெறுங்கையை விடுதல் கூடாது. முதலில் கோலால் தட்ட வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் பகுதியில் உள்ளவையே. கடிபட்டால் கயிறு இறுக்குவதும், கீறி இரத்தம் எடுப்பதும், மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உயிருக்குக் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். அங்கே ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்துக்கு மூலமான நஞ்சை எடுத்துத் தருவோரில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினரும் உளர் என்பதை மாணவர் அறிய வேண்டும்.

வேலூரின் வெயிலைப் பற்றி வேலூராருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குள் பணி முடிய வேண்டும். மாணவியர்க்குக் கழிப்பறை வசதி உள்ளதா என்பதை முன்னதாகவே பார்த்து வைக்க வேண்டும்; அது இல்லாமையாலேயே பெற்றோர் பலர் தயங்குகின்றனர். ரமலானில் நோன்பாளிகளைக் கடும் உழைப்பில் ஈடுபடுத்தாது, கன்றுகளைக் கணக்கெடுத்து எழுதும் வேலை தரலாம்.

இனி, நீர். தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தாருக்குச் சோறிட்டது. அதன் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை உவராக்கியதும் உண்மை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. ஆதலின் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்னரே கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புங்கமும் வேம்பும் ஓரளவு உவரைத் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் நட்டால் தை வரை கவலையில்லை.

கவலை சித்திரையில் வரும். கன்றுக்கு நீர் மிகவும் வேண்டிய அந்நாளில் கல்லூரிக்கு விடுமுறை. மாணவர் ஊருக்குச் சென்றுவிடுவர். நட்ட கன்றுகள் பட்டுப்போவது அப்போதுதான். சுபுஹுத் தொழுகை முடித்துப் பூங்காவில் நடைபயில வரும் பெரியவர்கள், கடை திறக்கும் முன் ஆளுக்கு ஒரு குடம் ஊற்ற முன்வருவார்களாயின், ஆனி பிறக்கும்வரை முறைவைத்து யார் எந்நாளில் வருவது என்னும் பட்டியலை மாணவர் பங்குனியிலேயே எழுதித் தந்துவிடலாம்.