தீயிலிருந்து திறன்பேசி வரை

திரைப்படம் தொடங்குவதற்கு முன் 'பிஜி13', 'என்சி16' போன்ற குறியீடுகள் திரையில் தோன்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்பதை அவை தெரிவிக்கின்றன. படங்களைப் பார்வையிட்டு, சில காட்சிகளை நீக்குவது, தேவைப்பட்டால் படத்தையே தடைசெய்வது ஆகியவற்றைத் தணிக்கை என்கிறோம். பிரிட்டனில் இம்முறை உருவான கதை சற்று வியப்பானது. அதன் தொடக்கத்திற்குத் தீயைப் பற்றிய அச்சமே காரணமாக இருந்தது.

அக்காலத்தில் படச்சுருள்கள் நைட்ரேட் கலந்த பொருளால் செய்யப்பட்டன. அவை மிக எளிதில் தீப்பற்றும். பற்றிய தீயை நீர் ஊற்றியும் அணைப்பது கடினம். ஆகவே, மக்களைப் பாதுகாக்க 1909ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, படம் காட்டும் இடங்கள் நகராட்சியிடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரம் கைக்கு வந்ததும், நகராட்சிகள் கட்டடத்தின் பாதுகாப்போடு நிற்கவில்லை. திரையில் என்ன காட்டலாம் என்பதற்கும் நிபந்தனை விதிக்கத் தொடங்கின. ஊருக்கு ஊர் விதிகள் மாறினால் தொழில் பாதிக்கப்படும் என்று கருதிய திரைப்படத் துறையினர், 1912ஆம் ஆண்டு தாங்களே ஒரு தணிக்கை வாரியத்தை அமைத்தனர்.

இவ்வாறு, தீயைப் பற்றிய அச்சத்தில் பிறந்த சட்டம் கதைகளைக் கண்காணிக்கும் கருவியாக மாறியது. 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' என்னும் ரஷ்யப் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாலுமிகளின் கிளர்ச்சியைக் காட்டும் அப்படத்தைப் பார்க்கும் மக்களும் கிளர்ந்தெழுவார்களோ என்று அஞ்சி, 1926ஆம் ஆண்டு வாரியம் அதற்கு அனுமதி மறுத்தது. 28 ஆண்டுகளுக்குப் பின்னர், 1954இல்தான் அனுமதி கிடைத்தது. இன்று அது உலகத் திரைப்பட வரலாற்றின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. படம் மாறவில்லை, மக்களின் அச்சம்தான் மாறியது.

பின்னர் வீடியோ நாடாக்கள் வந்தன. திரையரங்கின் வாசலில் வயதைக் கேட்க ஒருவர் இருப்பார். வீட்டில் யார் கேட்பார்? மேலும், ஒரு காட்சியை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் மீண்டும் பார்க்கவும் முடிந்தது. வன்முறைக் காட்சிகள் சிறுவர்களைப் பாதிக்குமே என்று பெற்றோர் கவலைப்பட்டனர். அதனால், 1984ஆம் ஆண்டு பிரிட்டனில் வீடியோக்களுக்கென்று தனிச்சட்டம் வந்தது.

சிங்கப்பூரிலும் காலத்திற்கேற்ப மாற்றம் ஏற்பட்டது. 1991ஆம் ஆண்டு இங்கு வயதுக்கேற்ப படங்களை வகைப்படுத்தும் முறை அறிமுகமானது. பெரியவர்களுக்கு உரிய ஒரு படத்தைச் சிறுவர்களுக்காக வெட்டுவதைவிட, அதைப் பெரியவர்களுக்கு மட்டும் காட்டலாம் என்பதே இதன் அடிப்படை. இன்று எல்லாரும் பார்க்கத்தக்க 'ஜி' முதல், 21 வயது நிறைந்தவர்களுக்கு உரிய 'ஆர்21' வரை ஆறு வகைகள் உள்ளன.

இப்போது திரையரங்கே நம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. திறன்பேசியில் ஒரு நாளில் பதிவேற்றப்படும் காணொளிகளை எந்த வாரியத்தாலும் முழுமையாகப் பார்த்து முடிக்க இயலாது. இணையப் படச் சேவைகளில் பெற்றோர் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. ஆயினும், எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட முடியாது.

ஒவ்வொரு புதிய தொழில்நுட்பமும் ஒரு புதிய அச்சத்தைக் கொண்டு வருகிறது. சில அச்சங்கள் நியாயமானவை. நைட்ரேட் சுருள் உண்மையாகவே எரிந்தது. சில அச்சங்களோ நல்ல படைப்புகளையும் மறைத்துவிட்டன. எது நியாயமான அச்சம், எது வீண் அச்சம் என்று பகுத்தறிவது எளிதன்று. முன்பு சில அதிகாரிகள் செய்த அந்த வேலையில் இன்று பெற்றோருக்கும், ஆசிரியருக்கும், பார்க்கும் நமக்கும் பங்கு உண்டு. அடுத்த காணொளியைத் தொடுவதற்கு முன், இது எனக்கு ஏற்றதா என்று ஒரு நொடி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வெளியிலிருந்து வரும் தடையைவிட, உள்ளிருந்து வரும் அக்கேள்வியே நமக்கு உறுதியான காவல்.