மனையில் சீமைக்கருவேல்: பத்திரமாக அகற்றுவது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மனையைச் சும்மா விட்டால் சீமைக்கருவேல் மண்டிவிடும். தமிழக அரசு 2022இல் வெளியிட்ட அந்நியத் தாவர ஒழிப்புக் கொள்கையில் இந்த மரமும் உண்டு.

மேலே வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியதும் ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள். நெற்றை ஆடு தின்றால் புழுக்கை வழியே விதை பரவும், அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

ரப்பர் செருப்பை முள் துளைத்துவிடும். பூட்ஸ், கையுறை அவசியம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முள் ஆழமாகக் குத்தினால் டி.டி. ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கம்பியை ஒட்டிய கிளையைத் தொடாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வெட்டவேண்டும்.

வெட்டிய முள்ளைத் தெருவில் போடாதீர்கள். பாதையில் கிடந்த முள்கிளையை அகற்றிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. காலியான இடத்தில் ஒரு வேம்பு நடுங்கள்.