பிள்ளைகளின் கையில் டேப்லட்டும் நமது பொறுப்பும்

கடையை அடைக்குமுன் நாம் என்ன செய்கிறோம்? கல்லாவை எண்ணுகிறோம், பெட்டியைப் பூட்டுகிறோம், இரும்புக் கதவை இழுத்துவிட்டுப் பூட்டை ஒருமுறை ஆட்டியும் பார்க்கிறோம். இத்தனை எச்சரிக்கையுள்ள வியாபாரிகளாகிய நாம், பிள்ளை அடம் பிடிக்காதிருந்தால் போதுமென்று ஒரு டேப்லட்டை அதன் கையில் கொடுத்துவிட்டு, அதன் கதவுகள் திறந்துள்ளனவா, மூடியுள்ளனவா என்று பார்ப்பதில்லை. அது குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆகவே பட்டறிந்ததையே எழுதுகிறோம்.

எமது ஒன்பது வயது மகனுக்கு ஓர் ஐபேட் வாங்கிக் கொடுத்தோம். பூட்டும் போட்டோம். ஆனால் பூட்டுக்குரிய எண்ணாகக் கடைத் தொலைபேசியின் கடைசி நான்கு எண்களையே வைத்தோம். ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகியிருக்கும் எண் அது! ஒரே வாரத்தில் பையன் கண்டுபிடித்துவிட்டான். அதனினும் பெரிய விஷயம் பின்னரே தெரிந்தது. ஒரு விளையாட்டினுள் முகமறியாத ஒருவர் அவனோடு பேசி, புகைப்படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவன் அனுப்பவில்லை, இறைவன் காத்தான். ஆயினும் மூன்று வாரமாக எங்களிடம் சொல்லவுமில்லை. ஏனென்று கேட்டோம். "சொன்னா டேப்லட்டைப் பிடுங்கிக்கிடுவீங்களே, அத்தா" என்றான். அதன் பின்னரே இவ்விஷயத்தை முறையாகக் கற்கலானோம்.

முதற்பாடம்: காசு கொடுத்துப் புதிய செயலி வாங்குமுன், கருவியோடு வந்துள்ள பூட்டைப் பாருங்கள். ஐபேடில் 2018 முதல் 'ஸ்கிரீன் டைம்' என்னும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லட்டுக்குக் கூகுள் 2017இல் வெளியிட்ட 'ஃபேமிலி லிங்க்' உண்டு. இரண்டும் இலவசம். பெரும்பாலான வீடுகளுக்கு இவையே போதும்.

இரண்டாம் பாடம்: கதவுகளை எண்ணுங்கள். அவை நான்கு. முதலாவது, நேரம். இத்தனை மணிக்கு மேல் கருவி அடைபட்டுவிட வேண்டுமென்று வைக்கலாம். இரண்டாவது, புதிய செயலிகளும் பணம் கட்டும் பொருள்களும். நம் அனுமதியின்றி எதுவும் இறங்காதபடியும், விளையாட்டுக்குள் காசு போகாதபடியும் செய்யலாம். மூன்றாவது, இணையதளங்கள். சிறு பிள்ளைக்கு, நாம் குறித்துக் கொடுத்த தளங்கள் மட்டுமே திறக்கும்படி வைப்பது நலம். நான்காவது, அந்நியர் பேச்சு. இக்கதவை மேற்சொன்ன இரு பூட்டுகளும் முழுமையாக அடைப்பதில்லை. ஒவ்வொரு விளையாட்டின் அமைப்புகளுக்குள்ளும் சென்று தனித்தனியே அடைக்க வேண்டும். நாம் தவறவிட்டது இதைத்தான். வீட்டு வைஃபையில் வடிகட்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க: கருவி வேறு வைஃபைக்கோ சிம் கார்டுக்கோ மாறினால் அந்த வடிகட்டி உதவாது.

மூன்றாம் பாடம்: பூட்டின் எண் கல்லாச் சாவிக்குச் சமம். பிறந்த தேதி, வீட்டு எண், கடை எண் ஆகியவை வேண்டாம். பிள்ளையின் கண்முன் அழுத்தவும் வேண்டாம். தாய், தந்தை இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லையேல் நாம் கடையில் இருக்கையில் வீட்டிலுள்ளோர் திண்டாடுவர்.

நான்காம் பாடம்: வயதறிந்து அளவு வையுங்கள். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. அதன்பின் 6 வயது வரை, பள்ளி நேரம் நீங்கலாக, நாளொன்றுக்கு 1 மணிக்கும் குறைவு. 7 முதல் 12 வயது வரை, பாடவேலை நீங்கலாக, 2 மணிக்கும் குறைவு. கடை மும்முரமாயிருக்கும் மாலையில் இவ்வளவு கடைப்பிடிப்பது கடினமென்பதை அறிவோம். நாமும் பல நாள் தவறியிருக்கிறோம். அளவு இன்னதென்று தெரிந்திருந்தால்தான் தவறியதும் தெரியும்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக் கருவிகளுக்குப் பள்ளியே ஒரு கட்டுப்பாட்டுச் செயலியை வைத்திருக்கிறது. பள்ளி முடிந்த பின்னர் எவ்வாறு இருக்க வேண்டுமென்று தெரிவு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆசிரியரைக் கேட்டறியுங்கள்.

ஐந்தாம் பாடமே தலையாயது. எந்தப் பூட்டைப் போட்டாலும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள். "தவறான எதையாவது கண்டால் எங்களிடம் சொல், சொன்னதற்காக டேப்லட்டைப் பறிக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். எம் மகன் மூன்று வாரம் மௌனமாயிருந்தது பூட்டு இல்லாததாலன்று. எம்மிடம் கொண்ட பயத்தால்.

கடைக்கு வரும் மகனிடம் முதல் நாளே கல்லாச் சாவியைக் கொடுப்பாரில்லை. பொட்டலம் கட்டச் சொல்வோம். பிறகு சில்லறை எண்ணச் சொல்வோம். நம்பிக்கை வளர்ந்தபின் சாவியைத் தருவோம். டேப்லட்டின் பூட்டையும் இவ்வாறே ஆண்டுக்கு ஆண்டு தளர்த்தி வர வேண்டும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இன்றிரவு கடை அடைத்து வீடு சென்றதும், பிள்ளை விழித்திருந்தால் அருகில் அமர்ந்து, "என்ன விளையாடுகிறாய்? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். மற்றப் பூட்டுகளை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.