சின்னதாக ஒரு ‘முடியாது’ சொல்லிப் பாருங்கள்

ஓயாமல் செல்ஃபி எடுக்கும் மருமகளையும் சம்பளத்தைச் சத்தமாகச் சொல்லும் சகலையையும் ‘நார்சிஸ்ட்’ (தன்மோகம் மிகுந்தவர்) என்று முத்திரை குத்திவிட்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். பெருமை பேசுவது யாருக்கும் உள்ள பலவீனம். வீட்டில் இருப்பவர்களை வாட்டி எடுக்கும் தன்மோகம் பல நேரம் அதிர்ந்து பேசாத ஆளிடம்தான் இருக்கிறது. அதனால் நகை, கார், வாய்ப்பேச்சு இவற்றையெல்லாம் முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் சந்தேகப்படும் ஆளிடம் சின்னதாக ஒரு ‘முடியாது’ சொல்லுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். சொத்து, கல்யாணம் போன்ற பெரிய விஷயத்தில் மறுத்தால் யாருக்கும் கோபம் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. “இந்த ஞாயிறு வர முடியாதுண்ணா, அலுப்பா இருக்கு” என்ற அளவே போதும். சாதாரண மனிதர் முகம் சுளிப்பார், சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார். தன்மோகம் மிகுந்தவருக்கு அது அவமானம். சிலர் சீறுவார்கள். சிலர் நாள்கணக்கில் பேசமாட்டார்கள். இன்னும் சிலர், “உனக்கு எவ்வளவு செஞ்சேன்” என்று பழைய கணக்கைப் பிரிப்பார்கள். நம் வீடுகளில் அதிகம் ஏமாற்றுவது இந்தக் கடைசி வகை, பாசம் போலவே தெரியும். அதனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் அலுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? “ஏன், உடம்புக்கு என்ன?” என்று கேட்டுவிட்டுத் திட்டினால் அவர் வெறும் கோபக்காரர். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்து தடவையாவது வேண்டும்.

நடந்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மனசில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு நான் உதவுவதே இல்லை. ஒரு மாதம் கழித்து அவர் “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பார், நீங்கள் உங்களையே சந்தேகிப்பீர்கள். இதற்குத்தான் ‘கேஸ்லைட்டிங்’ என்று பெயர். கேஸ் விளக்கு மங்குவதைப் பார்த்த மனைவியை, அவளுக்கே புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைக்கும் கணவனைப் பற்றி பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்த சொல் அது.

அவர் கேட்கும் மன்னிப்பையும் அந்த நோட்டில் குறியுங்கள். “உனக்கு வருத்தம்னா ஸாரி” என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் நோய்ப்பெயர் சூட்டும் வேலை உங்களுடையதாகாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் தன்மோகத்தைத் தனி ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தது. இன்றைய பதிப்பில் அதற்கு 9 அடையாளங்கள். இளம்வயது முதலே, பல சூழல்களிலும் அவற்றில் குறைந்தது 5 இருந்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார். நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று தூக்கமில்லாமல், தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பேசினால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கண்டுபிடித்ததை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லித் திருந்தியவரை நான் பார்த்ததில்லை, பேச்சு உங்கள் மேலேயே திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் நீங்கள் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். அடி, மிரட்டல் என்று போய்விட்டால் யோசிக்காதீர்கள்; பெண்கள் உதவி எண் 181.