ஆரோக்கியப் பச்சையும் காணி மக்களும்

மண்டைக்காட்டு மாசிக் கொடையில் மலைத்தேனை விலைபேசி வாங்கும் நாங்கள், அதை எடுத்தவனுக்குக் கிடைத்த பங்கு என்ன என்று கேட்டதில்லை. பொருளியல் மாணவனாகிய என்னிடம் அக்கேள்வியை எழுப்பியது ஒரு சிறு செடி.

பேச்சிப்பாறைக்கு அப்பாலுள்ள மலைகளிலும், எல்லை கடந்து கேரளத்து அகத்தியமலைச் சாரலிலும் வாழ்பவர் காணி மக்கள். 1987இல் கேரளப் பகுதிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர் நடந்து களைத்தனர். வழிகாட்டிய காணிகளோ ஒரு செடியின் கனியைத் தின்றபடி சளைக்காமல் நடந்தனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதன் இலையைக் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டு உரிமம் அளிக்கப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2. இதில் சரிபாதி காணிகளுக்கு! 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் 5 லட்சத்திற்கு மேல் அதற்குக் கிடைத்தது. உலகம் மெச்சிய ஏற்பாடு இது.

ஆயினும், காட்டு நிழலை விட்டு அகன்றால் இச்செடியின் மருந்துக் குணம் குன்றிவிடும். ஆகவே காணிகளே குடியிருப்பருகில் பயிரிட்டு இலை விற்க முற்பட்டனர். வனத்துறை தடுத்தது. பயிரிட்ட இலை எது, காட்டில் பறித்தது எது என்று எவ்வாறு பிரித்தறிவது? வெளியார் செடியை வேரோடு பிடுங்கிச் சென்றதும் உண்டாகையால், அவ்வச்சத்தை நான் குறை கூறேன். ஆனால் இலையின்றி மருந்து ஏது? மருந்தின்றிப் பங்கு ஏது? அறிவைத் தந்த கூட்டாளிக்குத் தான் வாழும் காட்டின் இலைமீது உரிமையில்லை.

சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைச் சட்டம் எழுத்தில் தந்தது 2006இல். அதற்குள் உரிமத்தின் 7 ஆண்டுகளும் கழிந்துவிட்டன.