சயனேட்டு உப்பும் யூரியாவும்

1828-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய இரசாயன சாஸ்திரியான பிரீடரிக் வோலர், அம்மோனியம் சயனேட்டு என்னும் உப்பின் கரைசலைக் காய்ச்சி வற்றச் செய்தார். எஞ்சிய வெண்படிகங்கள், பிராணிகளின் மூத்திரத்திலுள்ள யூரியாவேயன்றி வேறல்ல என்று கண்டார். இவ்விரு பொருள்களிலும் அணுக்களின் வகையும் தொகையும் ஒன்றே. அவை இணைந்துள்ள முறையே வேறு.

இக்காலத்து ஆலைகளில் யூரியா, அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செய்யப்படுகிறது. அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்தாகும். விலை கொடுத்து வாங்கும் இவ்வுரமும், தொழுவத்தில் வீணாகும் மாட்டு மூத்திரத்திலுள்ள யூரியாவும் ஒரே பொருள். மூத்திரத்தைக் கவனியாது விட்டால் யூரியா சிதைந்து, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

ஆகையால் நிலமுடையோர் தொழுவத்தில் உலர்ந்த மண்ணைப் பரப்பி, மூத்திரம் ஊறியபின் அதனை வாரி எருக்குழியிலிட்டு மூடிவைத்தல் வேண்டும். கிராம அதிகாரிகளும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.